இரண்டு நோடு கிளஸ்டரில் மூன்றாவது ஓட்டு எதற்கு?

2024 ஜூன் 3

ஒரு வாசகர் கேட்டிருப்பது: "கோரோசிங்க், பேஸ்மேக்கர் வைத்து இரண்டு சர்வரில் டேட்டாபேஸ் ஓட்டப் போகிறோம். கான்ஃபிக் ஃபைலில் டூ-நோட் என்று ஒரு வரி சேர்த்தால் கோரம் தானாக வந்துவிடுகிறது. அப்புறம் ஃபென்சிங், மூன்றாவது மெஷின் என்று ஏன் செலவு? இரண்டே போதும் என்பது என் கட்சி."

புதிதாக வருகிறவர்களுக்கு: சேர்ந்து ஒரே சேவையை ஓட்டும் சர்வர்கள் கிளஸ்டர், அதில் ஒவ்வொன்றும் ஒரு நோடு, நோடுக்கு ஓர் ஓட்டு. யார் இருக்கிறார் என்று பார்த்து ஓட்டை எண்ணுவது கோரோசிங்க், எந்தச் சேவை எந்த நோடில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது பேஸ்மேக்கர். வேலை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்டு கோரம். தொடர்பில் இல்லாத நோடை வலுக்கட்டாயமாக அணைப்பது ஃபென்சிங். அந்த வரி என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். பொது விதி தெரிந்ததுதான்: மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். மூன்றுக்கு 2, ஐந்துக்கு 3. நான்குக்கும் 3 தான். நான்காவது நோடு வாங்கினாலும் ஒன்று விழுவதைத்தான் கிளஸ்டர் தாங்கும். இரண்டு நோடுக்கு இந்த விதிப்படி 2 ஓட்டு வேண்டும். ஒன்று விழுந்தால் மற்றதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் டூ-நோட் என்ற விதிவிலக்கு: தேவையான ஓட்டை 1 ஆகக் குறைக்கிறது.

இப்போது நடுவில் இருக்கும் கேபிள் போகிறது. இரண்டு நோடும் தன் ஒற்றை ஓட்டை எண்ணிப் பார்த்து, "எனக்குக் கோரம் இருக்கிறது" என்று டேட்டாபேஸைக் கிளப்பும். இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்துவிட்டால், நாளைக்கு எந்தப் பக்கத்து ரெக்கார்டை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைத் தடுக்க அந்த அமைப்பில் இருக்கும் ஒரே ஆள் ஃபென்சிங். எதிர் நோடின் கரன்டை வெட்டி, வெட்டியாயிற்று என்று உறுதி வந்த பிறகுதான் பேஸ்மேக்கர் இந்தப் பக்கம் டேட்டாபேஸைத் தொடும்.

ஆக ஃபென்சிங் இருந்தால் இரண்டு நோடு போதும். இல்லாவிட்டால் போதாது.

2024 ஜூன் 3, இரவு

சொல்ல விட்டது: டூ-நோட் போட்டால் வெயிட்-ஃபார்-ஆல் என்பதும் கூடவே ஆன் ஆகிவிடும். கிளஸ்டர் புதிதாகக் கிளம்பும்போது எல்லா நோடும் ஒரு முறையாவது ஒருவரையொருவர் பார்த்த பிறகுதான் கோரம் கிடைக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், தொடாதீர்கள்.

2024 ஜூன் 5

"பாதிக்கு மேல் என்று ஏன் இவ்வளவு கறார்? சட்டமன்றத்தில்கூடக் குறைவாகத்தானே கேட்கிறார்கள்" என்று அதே வாசகர். நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மக்களவைக்கு அரசியலமைப்பின் 100வது பிரிவு சொல்லும் கோரம் பத்தில் ஒரு பங்கு. 543 பேரில் 55 பேர் இருந்தால் அவை நடக்கும். மாநிலச் சட்டமன்றத்துக்கு 189வது பிரிவு: பத்துப் பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. 234 பேர் உள்ள நம் சட்டமன்றத்துக்கு 24.

அங்கே அது போதும், ஏனென்றால் மண்டபம் ஒன்றுதான். சபாநாயகர் ஒருவர். 55 பேர் இந்த மண்டபத்திலும் வேறு 55 பேர் பக்கத்து மண்டபத்திலும் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு சட்டம் போட முடியாது. கிளஸ்டரில் மண்டபத்துக்கு நடுவே எந்த நொடியும் சுவர் எழும்பலாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா, என்ன பேசுகிறார் என்று இந்தப் பக்கம் தெரியாது. அப்போது கைகொடுப்பது ஒரே கணக்குதான்: ஒரு கூட்டத்தை எப்படிப் பிரித்தாலும் பாதிக்கு மேல் ஒரு பக்கம்தான் இருக்க முடியும். மற்ற எல்லா எண்ணுக்கும் இரண்டு கூட்டம் நடக்க வாய்ப்பு உண்டு. டூ-நோட் அந்தக் கணக்கைக் கைவிடுகிறது. கைவிட்டதை வேறு எதையாவது வைத்து ஈடுகட்ட வேண்டும், இல்லையா?

2024 ஜூன் 8

வெயிட்-ஃபார்-ஆல் பற்றி மூன்று வரியில் முடித்தது தப்பு. "தொடாதீர்கள்" என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

சில வருடம் முன்பு ஓர் அலுவலகத்தில் சர்வர் அறைக்குள் நுழைந்தபோது கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரேக்கில் மேலும் கீழுமாக இரண்டு சர்வர். மேலே இருந்ததன் ஃபேன் முழு வேகத்தில் இரைந்து, மெல்ல அடங்கியது. இரண்டு மூன்று நிமிடம் அமைதி. பிறகு சொல்லி வைத்தாற்போல் கீழே இருந்தது இரைந்தது. அது அடங்கி எழுந்து வந்ததும் மறுபடி மேலே. வேலைக்கு வந்தவர்கள் "காலையிலிருந்து இப்படித்தான் சார்" என்றார்கள். ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டிருந்தன. கிளஸ்டருக்கான நேரடி கேபிளின் கிளிப் உடைந்து, போர்ட்டில் பாதி வெளியே நின்றது. ஃபென்சிங் போகிற மேனேஜ்மென்ட் நெட்வொர்க் மட்டும் நன்றாக இருந்தது.

நடந்தது இது. கேபிள் போனதும் மேலே இருந்தது கீழே இருந்ததை ஃபென்ஸ் செய்தது. அதுவரை சரி. கீழே இருந்தது ரீபூட் ஆகி எழுந்து பார்த்தது: எதிராளி கண்ணில் படவில்லை, ஆனால் டூ-நோட் இருப்பதால் தன் ஒரு ஓட்டே கோரம். உடனே மேலே இருந்ததை ஃபென்ஸ் செய்தது. இப்படியே மாறி மாறி. வெயிட்-ஃபார்-ஆல் இருந்திருந்தால் ரீபூட் ஆன நோடு எதிராளியைப் பார்க்கிற வரை கோரம் இல்லாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். முதல் ரவுண்டோடு முடிந்திருக்கும்.

கான்ஃபிக்கைத் திறந்தால் வெயிட்-ஃபார்-ஆல் 0 என்று யாரோ கையால் எழுதி வைத்திருந்தார்கள். காரணமும் நியாயமானதுதான். அதற்கு முன்பு ஒரு நாள் நீண்ட கரன்ட் கட், யுபிஎஸ் தீர்ந்து இரண்டும் அணைந்து, திரும்ப ஒன்றுதான் எழுந்திருக்கிறது. எழுந்தது மற்றதற்காகக் காத்துக்கொண்டே இருந்தது. அவசரத்தில் வழியைத் தேடி அந்த வரியைப் போட்டார்கள். வேலை நடந்தது, வரி தங்கிவிட்டது. அந்த நிலைமைக்கு, கிளஸ்டரை நிர்வகிக்கும் பிசிஎஸ் கருவியில் கோரம் அன்பிளாக் என்று தனிக் கட்டளையே இருக்கிறது. அந்த ஒரு தடவைக்கு மட்டும் காத்திருப்பை விலக்கும். ஆனால் அடிப்பதற்கு முன் மற்ற சர்வரிடம் போய், பவர் லைட் அணைந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. கேபிள் போன அதே நொடியில் இரண்டும் ஒன்றையொன்று சுட்டு, இரண்டும் விழுவதும் நடக்கும். அதற்குத்தான் ஃபென்ஸ் டிவைஸில், அதாவது ஒரு நோடை அணைக்கும் கருவியில், தாமதம் வைப்பது. எந்த நோடு பிழைக்க வேண்டுமோ, அந்த நோடு பயன்படுத்துகிற டிவைஸில் தாமதம் இல்லாமல் விடுங்கள்.

2024 ஜூன் 9

மேலே கடைசி வரி குழப்புகிறது, தலைகீழாகவும் புரிந்துகொள்ள இடம் உண்டு. அதை அடித்துவிட்டு இப்படிப் படியுங்கள்: முதல் நோடு பிழைக்க வேண்டும் என்றால், முதல் நோடை அணைக்கிற டிவைஸில் தாமதம் போட வேண்டும். தாமதம் குறிவைக்கப்படுகிறவருக்குச் சாதகம். அதை அணைக்க வருகிறவர் சில நொடி காத்திருக்கும்போது இது முந்திக்கொள்ளும். பேஸ்மேக்கர் 2.0.4 முதல், முக்கியமான ரிசோர்ஸ் (கிளஸ்டர் ஓட்டும் சேவை) எந்த நோடில் ஓடுகிறதோ அதற்குச் சாதகமாகத் தாமதம் வைக்கும் வசதியும் உண்டு. டேட்டாபேஸ் இடம் மாறிக்கொண்டே இருக்கும் கிளஸ்டருக்கு அது மேல்.

2024 ஜூன் 14

இன்னொரு வாசகர்: "எங்களிடம் மூன்று நோடு. ஒன்றை அப்டேட்டுக்காக ரீபூட் செய்தோம், மொத்தமும் நின்றுவிட்டது. மூன்றில் இரண்டு இருந்ததே?"

ஓட்டு நிலையைச் சொல்லும் கோரம்டூல் கட்டளை காட்டுகிறதை அனுப்பச் சொன்னேன். எதிர்பார்க்கும் ஓட்டு 5. மொத்த ஓட்டு 2. கோரம் 3, அதன் பக்கத்திலேயே "ஆக்டிவிட்டி பிளாக்டு". படித்ததுமே விளங்கியது. அவர்களிடம் முன்பு ஐந்து நோடு இருந்திருக்கிறது. இரண்டு பழைய மெஷினை அணைத்து, ரேக்கிலிருந்து கழற்றி, ஸ்டோர் ரூமுக்கும் அனுப்பியாயிற்று. கான்ஃபிக் ஃபைலில் உள்ள நோடு பட்டியலான நோட்லிஸ்டில் மட்டும் பெயர் அப்படியே. வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயர் நிற்கிற மாதிரிதான். அணைந்த மெஷினை கோரோசிங்க் "இல்லாதவர்" என்று எடுத்துக்கொள்ளாது, "வராதவர்" என்றுதான் எடுத்துக்கொள்ளும். பல மாதமாக ஐந்தில் மூன்று என்று விளிம்பிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாம் பச்சையாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

நோடைக் கழற்றுவது இரண்டு வேலை: மெஷினை அணைப்பது, பட்டியலிலிருந்து நீக்குவது. நீக்கிய பிறகு எதிர்பார்க்கும் ஓட்டு இறங்கியதா என்று மீதி ஒவ்வொரு நோடிலும் பாருங்கள். கோரம் பகுதியில் எதிர்பார்க்கும் ஓட்டைக் கையால் எழுதி வைத்திருந்தால், நோட்லிஸ்டை எண்ணி வருகிற கணக்கை அது மீறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நான் அந்த எண்ணை எழுதுவதே இல்லை.

2024 ஜூன் 15

சின்னக் குறிப்பு. இரண்டு நோடும் தன்னை மட்டுமே பார்க்கிறது, பிங் போகிறது, ஃபயர்வாலில் கோரோசிங்க் பேசும் போர்ட் யுடிபி 5405 திறந்துதான் இருக்கிறது என்றால் எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள். டெபியன் குடும்ப லினக்ஸில் மெஷினின் சொந்தப் பெயர் 127.0.1.1 என்று, வெளியே யாருக்கும் எட்டாத உள் முகவரியாக, எழுதப்பட்டிருக்கும். நோட்லிஸ்டில் பெயர் போட்டிருந்தால் கோரோசிங்க் அந்த முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐபி எண்ணையே போட்டுவிடுங்கள்.

2024 ஜூன் 22

முதல் வாசகருக்கு மனம் மாறியிருக்கிறது. "சரி, மூன்றாவது ஓட்டு வைக்கிறேன். முழு சர்வர் வாங்கப் பணம் இல்லை" என்கிறார்.

வாங்க வேண்டாம். இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1980களில் டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கிளஸ்டர்களிலேயே இதற்குக் கோரம் டிஸ்க் வைத்தார்கள். இரண்டு மெஷினுக்கும் பொதுவான ஒரு டிஸ்குக்கு ஓர் ஓட்டு. எதிர்பார்க்கும் ஓட்டு என்ற அளவுருவும் அங்கே அதே பெயரில் இருந்தது. அதோடு 2 கூட்டி இரண்டால் வகுத்து, பின்னத்தை விட்டால் கோரம். இன்று நாம் போடும் கணக்கும் அதே விடையைத்தான் தருகிறது.

கோரோசிங்கில் அந்த மூன்றாவது ஆள் க்யூடிவைஸ். இரண்டு நோடிலும் பின்னணியில் ஓடும் ஒரு சின்ன புரோகிராம், வெளியே வேறொரு மெஷினில் க்யூநெட்டி என்ற அதன் ஜோடி. டிசிபி 5403ல் பேசிக்கொள்வார்கள். க்யூநெட்டி ஓடும் மெஷின் கிளஸ்டரில் உறுப்பினர் இல்லை. டேட்டாவைத் தொடாது, ரிசோர்ஸ் எதையும் ஓட்டாது. கேபிள் போனால் "உனக்கு" என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓட்டுக் கொடுக்கும் பஞ்சாயத்து வேலை மட்டும். பழைய சின்ன மெஷின் ஒன்று போதும், பல கிளஸ்டருக்கு ஒரே க்யூநெட்டி போதும்.

அல்காரிதம் இரண்டு. இரண்டு நோடுக்கும் பொதுவாக இரட்டைப்படை நோடுகளுக்கும் எஃப்எஃப்-ஸ்பிளிட்: க்யூடிவைஸுக்கு ஓர் ஓட்டு, சரிபாதியாகப் பிரிந்தால் ஒரு பாதிக்கு மட்டும் அது போகும். இன்னொன்று எல்எம்எஸ்: க்யூடிவைஸுக்கு நோடு எண்ணிக்கையில் ஒன்று குறைவான ஓட்டு, கடைசி ஒரு நோடு மிஞ்சினாலும் ஓடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான்கு நோடென்றால் க்யூடிவைஸுக்கு 3 ஓட்டு, மொத்தம் 7, கோரம் 4. க்யூநெட்டி மெஷின் ஒன்று அணைந்தால் மீதி நான்கு நோடும் ஒன்றுகூட விழாமல் இருக்க வேண்டும். பஞ்சாயத்துக்காரருக்கு ஊரைவிடப் பலம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

க்யூடிவைஸ் சேர்த்தால் டூ-நோட் வரி போய்விட வேண்டும். பிசிஎஸ் மூலம் செய்தால் அதுவே எடுத்துவிடும், கையால் எழுதுகிறவர்கள் கவனிக்க.

2024 ஜூன் 23

அவர் க்யூநெட்டியை ஒரு விஎம்மில் (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்) போட்டிருக்கிறார். அந்த விஎம்மின் டிஸ்க் எங்கே என்று கேட்டேன். அதே கிளஸ்டர் தருகிற ஸ்டோரேஜில். கிளஸ்டர் நின்றால் பஞ்சாயத்துக்காரரும் தூங்கிவிடுவார், திரும்ப ஒரு நோடுதான் எழுந்தது என்றால் அவர் எழாமல் கிளஸ்டர் எழாது. வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன். வேறு ஸ்விட்ச், வேறு கரன்ட் லைன். இரண்டு ஊரில் இரண்டு டேட்டா சென்டர் வைத்திருப்பவர்கள் மூன்றாவது ஊரில்தான் வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றில் வைத்தால் அந்தக் கட்டடம் போகிறபோது இரண்டு ஓட்டு சேர்ந்து போகும்.

2024 ஜூலை 1

"க்யூடிவைஸ் வந்துவிட்டது, ஃபென்சிங்கை விட்டுவிடலாமா?" இதே கேள்வியை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். கோரம் இல்லாத நோடு தன் ரிசோர்ஸை நிறுத்த வேண்டும், அதுதான் பேஸ்மேக்கரின் இயல்பான அமைப்பு. நிறுத்தும் என்பதற்கு யார் உத்தரவாதம்? டிஸ்க் தொங்கிப்போய் டேட்டாபேஸ் நிற்க மறுக்கலாம். மொத்த மெஷினும் சில நொடி உறைந்து, விழித்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதலாம். ஓட்டெடுப்பு யாருக்கு அனுமதி என்று சொல்லும். தோற்றவர் கையை எடுத்துவிட்டாரா என்பது அதற்குத் தெரியாது.

ஓட்டெடுப்பு சரியாக நடந்தும் சங்கடம் வரும் என்பதற்குப் பெரிய உதாரணம், புரோகிராமர்கள் கோடு வைக்கும் கிட்ஹப் தளம், 2018 அக்டோபர் 21. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் பழுதான 100 ஜிகாபிட் ஆப்டிகல் கருவியை மாற்றும் வழக்கமான வேலை. அதில் அவர்களுடைய நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் தொடர்பு 43 நொடி அறுந்தது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர்களைக் கண்காணிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற கருவி ராஃப்ட் என்ற பெரும்பான்மை முறையில் ஓட்டெடுக்கும். மேற்குக் கடற்கரையில் இருந்தவையும் கிழக்கே பப்ளிக் கிளவுடில் இருந்தவையும் சேர்ந்து பெரும்பான்மை ஆகி, எழுதும் பொறுப்பை மேற்குக்கு மாற்றின. விதிப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் கிழக்கே கடைசி நொடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை, மேற்கே புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. தொடர்பு 43 நொடியில் திரும்பிவிட்டது. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அந்த அறிக்கையை நான் பல முறை படித்திருக்கிறேன். யாருக்கு ஓட்டு என்பதும் யாரிடம் டேட்டா என்பதும் வேறு வேறு கேள்வி என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த இழையில் முதல் நாள் நான் அதைப் பிரித்துச் சொல்லவில்லை.

2024 ஜூலை 6

மேலே "சில நொடி உறைந்து" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர்: அவருடைய நோடுகள் விஎம்கள், தினமும் இரவு பேக்கப் நேரத்தில் ஒன்று கிளஸ்டரைவிட்டுப் போகிறது.

பேக்கப்புக்காக ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது விஎம் உறைகிறது, டோக்கன் நேரம் (நோடிடமிருந்து சத்தம் இல்லாவிட்டால் கோரோசிங்க் பொறுக்கும் நேரம்) தாண்டிவிடுகிறது. பழைய கோரோசிங்கில் டோக்கன் 1000 மில்லிசெகண்ட், 3.1 முதல் 3000. நோட்லிஸ்டில் இரண்டுக்கு மேல் போனால் ஒவ்வொரு நோடுக்கும் 650 கூடும். ஐந்து நோடென்றால் 4950. அதைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் நிஜமாகவே நோடு செத்தாலும் அவ்வளவு நேரம் கழித்துத்தான் தெரியும். முதலில் இரண்டு விஎம்முக்கும் பேக்கப் நேரத்தைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

2024 ஜூலை 13

கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டிஸ் ஆட்கள், அது தன் தகவலை வைத்திருக்கும் எட்சிடி டேட்டாபேஸ் பற்றிக் கேட்கிறார்கள். கணக்கு அதேதான், வரிசைதான் முக்கியம். மூன்றில் ஒன்று செத்தால் முதலில் அதை நீக்குங்கள், பிறகு புதியதைச் சேருங்கள். முதலில் சேர்த்தால் உறுப்பினர் 4, கோரம் 3, உயிரோடு இருப்பது 2. புதியது ஏதோ ஒரு முகவரிப் பிழையால் எழாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள், நீக்கக்கூட ஓட்டுக் கிடைக்காது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதும் இதே ஆபத்து.

2024 ஜூலை 28

முதல் வாசகர் நேற்று சோதனை செய்தார், நான் போனில் இருந்தேன். நெட்வொர்க் இன்டர்ஃபேஸை டவுன் செய்து சோதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்; பழைய கோரோசிங்கில் அது முகவரியை 127.0.0.1க்கு மாற்றிக்கொண்டு வேறு ஏதோ ஒரு கோளாறைக் காட்டும், நிஜமான கேபிள் அறுப்பைக் காட்டாது. அவர் நேராக முதல் நோடின் பவர் கார்டையே பிடுங்கினார்.

க்யூடிவைஸ் ஓட்டு இரண்டாவது நோடுக்கு வந்தது. கோரம் உண்டு. டேட்டாபேஸ் மட்டும் எழவில்லை. லாகில் ஃபென்சிங் தோல்வி, மறுபடி முயற்சி, மறுபடி தோல்வி. சர்வரை வெளியிலிருந்து அணைக்கும் ஐபிஎம்ஐ கட்டளை போவது முதல் நோடின் போர்டில் இருக்கும் பிஎம்சி என்ற தனிச் சிப்புக்கு. கார்டைப் பிடுங்கினால் பிஎம்சிக்கும் கரன்ட் இல்லை, அந்தச் சர்வருக்கு இருப்பது ஒரே பவர் சப்ளை. "அணைத்துவிட்டேன்" என்று பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. அதனால் இரண்டாவது நோடு காத்திருந்தது, காத்திருந்ததுதான் சரி. நோடு அணைந்திருப்பதை அவர் கண்ணால் பார்த்து, கையால் கன்ஃபர்ம் கொடுத்த பிறகுதான் டேட்டாபேஸ் எழுந்தது. "ஃபென்சிங் இருந்தால் போதும்" என்று ஜூன் 3ல் எழுதியிருக்கிறேன். சர்வரோடு சேர்ந்து சாகாத ஃபென்சிங் இருந்தால் என்று அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அவரிடம் நெட்வொர்க் மூலம் சாக்கெட்டை அணைக்கக்கூடிய பிடியூ ஒன்று சும்மா இருந்தது. ஐபிஎம்ஐ முதல் படி, அது தோற்றால் பிடியூ இரண்டாவது படி என்று வைத்தோம். மதியம் மறுபடி முதல் நோடின் கார்டைப் பிடுங்கினார். ஐபிஎம்ஐ தோற்றது, பிடியூவுக்குக் கட்டளை போனது, இரண்டாவது நோடு பட்டென்று அணைந்தது. போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிடியூவின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். சாக்கெட் 4ல் இருக்க வேண்டிய கார்டு 5ல், 5ல் இருக்க வேண்டியது 4ல்.

மாற்றிச் செருகி, இரண்டு கார்டிலும் இரண்டு முனையிலும் நோடு பெயரை ஒட்டினார். மூன்றாவது தடவை பிடுங்கியபோது டேட்டாபேஸ் இரண்டாவது நோடில் எழுந்தது. அடுத்த சனிக்கிழமை இரண்டாவது நோடின் கார்டைப் பிடுங்குகிறோம், அந்தப் பக்கம் இன்னும் சோதிக்கவில்லை.